கடைசிப் பத்து மீட்டர்

ஃபைபர் இணைப்பு கொடுக்க வரும் ஊழியர் முதலில் பார்ப்பது, கேபிள் எந்த வழியாக உள்ளே வரும் என்பதைத்தான். வாசல் ஜன்னலின் ஓரத்திலோ மாடிப்படிக்கு அடியிலோ ஒரு பிளக் பாயின்ட் கிடைத்தால் போதும், பெட்டியை அங்கேயே மாட்டிவிடுவார். வேகம் காட்டும் செயலியைத் தம் கைபேசியில் திறந்து, "நூறு வருது, பாருங்க சார்" என்று காட்டிவிட்டுக் கிளம்புவார். அவர் காட்டியதில் பொய் இல்லை. பெட்டிக்கு ஓரடி தள்ளி நின்றால் நூறு வரத்தான் செய்யும். அன்றிரவு பின்கட்டு அறையில் படுத்துக்கொண்டு படம் பார்க்கும்போது திரையில் சக்கரம் சுற்றும். மறுநாள் காலை புகார் எண்ணுக்கு அழைப்பு போகும்: "நெட் சரியில்லை."

பெரும்பாலும் நெட் சரியாகத்தான் இருக்கும். இணைப்பு நிறுவனத்தின் நிலையத்திலிருந்து உங்கள் வாசல் வரை பல கிலோமீட்டர், தலைமுடி அளவு மெல்லிய கண்ணாடி இழைக்குள் ஓடிவந்த ஒளி வழியில் எங்கும் திணறியிருக்காது. பெட்டிக்கும் கட்டிலுக்கும் நடுவே உள்ள கடைசிப் பத்து மீட்டரில்தான் திணறல். அந்தப் பத்து மீட்டருக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டவர், வீட்டு வைஃபையின் கோளாறுகளில் பாதிக்கு மேல் தாமே தீர்த்துக்கொள்ளலாம். ரூட்டரின் விலையைவிட, அது நிற்கும் இடமும் அதைச் சுற்றியுள்ள நெரிசலும் முக்கியம். கடைக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

சுவர் தின்னும் சிக்னல்

வீட்டு ரூட்டர் காற்றில் விடும் ஆற்றல் ஏறத்தாழ 100 மில்லிவாட். அறையில் எரியும் 9 வாட் எல்இடி பல்பு எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் தொண்ணூறில் ஒரு பங்கு. அதுவும் ஒரே திசையில் போவதில்லை, நாலாபுறமும் விரிகிறது. தூரம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கில் ஒன்றாகக் குறையும். ஆகவே கைபேசிக்கு வந்து சேரும் சிக்னலை வாட் கணக்கில் சொல்வது கடினம். டிபிஎம் என்ற அலகில், கழித்தல் குறியுடன் சொல்கிறார்கள். ஒரு மில்லிவாட் என்பது 0. அதிலிருந்து ஒவ்வொரு 10 டெசிபல் இறங்கும்போதும் ஆற்றல் பத்தில் ஒன்றாகிறது. கைபேசி −70 என்று காட்டினால், ரூட்டர் அனுப்பியதில் நூறு கோடியில் ஒரு பங்கு மட்டும் வந்திருக்கிறது என்று பொருள். அதை வைத்துக்கொண்டே அது படம் ஓட்டுகிறது என்பதை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

வைஃபை சிக்னலை எண்ணாகக் காட்டும் இலவசச் செயலிகள் ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு நிறைய உண்டு. ஒன்றை இறக்கிக்கொண்டு வீட்டை ஒரு சுற்று வாருங்கள். ரூட்டர் அருகில் −30, −40 இருக்கும். வீடியோ அழைப்பு தடங்கலின்றி நடக்க −67 வரை போதும். −80க்குக் கீழே இணைப்பு ஊசலாடும், −90இல் இரைச்சலுக்குள் மறைந்துவிடும். எந்த வாசற்படியைத் தாண்டும்போது எண் சட்டென்று விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டின் குற்றவாளி அந்தச் சுவர்தான்.

செங்கல் சுவர் சில டெசிபல்களைத் தின்னும். கான்கிரீட் அதைவிட அதிகம் தின்னும். உள்ளே கம்பி கட்டிய கூரைத் தளம் இன்னும் மோசம். சுவரை அலை நேராகக் கடக்கிறதா, சாய்வாகக் கடக்கிறதா என்பதும் கணக்கில் சேரும். ஒன்பது அங்குலச் சுவரை மிகச் சாய்வான கோணத்தில் கடக்கும் அலை, நேராகக் கடக்கும் அலையைவிடப் பெரும்பாலும் அதிகம் இழக்கும். வீட்டின் வரைபடத்தில் ரூட்டரிலிருந்து கட்டிலுக்கு அளவுகோலை வைத்து ஒரு கோடு போட்டுப் பார்த்தால் இது விளங்கிவிடும். அந்தக் கோட்டின் குறுக்கே இரும்பு பீரோ நின்றால் அதற்குமேல் பேச்சே இல்லை, உலோகம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். குளிர்சாதனப் பெட்டியும் அப்படியே. நிலைக்கண்ணாடியின் முதுகில் பூசிய உலோகப் பூச்சும் அப்படியே. மீன்தொட்டி அலையை உறிஞ்சும், மனித உடலும் பெரும்பகுதி தண்ணீர்தான். கல்யாண வீட்டில் கூடம் நிறைந்ததும் வைஃபை மந்தமாவதற்கு, பயன்படுத்துவோர் கூடுவது ஒரு காரணம், கூடியிருக்கும் உடல்கள் இன்னொரு காரணம்.

சுவரை ஊடுருவும் சிற்றலைகள் நமக்குப் புதியவை அல்ல. ஜகதீஷ் சந்திர போஸ் 1890களின் நடுவில் கல்கத்தா டவுன் ஹாலில், கம்பி எதுவும் இல்லாமல், மில்லிமீட்டர் நீள அலைகளை அனுப்பித் தொலைவில் ஒரு மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார். இன்று நம் வீட்டில் ஓடும் அலைகள் அவற்றைவிட நீளமானவை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12 சென்டிமீட்டர் சொச்சம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. நீள அலை சுவரை ஓரளவு தாங்கும், ஆனால் அதன் பட்டை குறுகலானது, நெரிசலும் மிகுதி. குட்டை அலை ஒன்றிரண்டு சுவருக்குள் சோர்ந்துவிடும், ஆனால் அதற்கு இடம் தாராளம். இந்தியாவில் உரிமம் இல்லாமல் 2.4ஐப் பயன்படுத்த 2005இலும், 5இல் அகலமான பட்டையைப் பயன்படுத்த 2018இலும் அரசு அனுமதித்தது. ரூட்டர் இருக்கும் அறையிலும் அடுத்த அறையிலும் 5, அதற்கப்பால் 2.4 என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

ஆன்டெனாவைப் பற்றி ஒரு சொல். குச்சி ஆன்டெனாவின் நுனியைப் பின்னறையை நோக்கித் திருப்பி வைக்கும் வழக்கம் பலருக்கு உண்டு. குச்சியின் பக்கவாட்டில்தான் அலை வலுவாகப் பரவும். நுனி காட்டும் திசையில் அது மிகக் குறைவு. ஒரே தளத்தில் இருக்கும் அறைகளுக்குக் குச்சி செங்குத்தாக நிற்கட்டும். மாடிக்கும் போக வேண்டுமானால் ஒன்றை மட்டும் படுக்கவையுங்கள். ரூட்டரைத் தரையில் வைக்காதீர்கள், டிவிக்குப் பின்னாலும் வேண்டாம். வீட்டின் நடுவில், தலைக்கு மேலான உயரத்தில், திறந்த அலமாரியில் இருந்தால் நல்லது.

எதிரொலியிலிருந்து எண்கள்

அறைக்குள் அலை ஒரே வழியில் வருவதில்லை. நேராக ஒன்று, தரையில் பட்டு ஒன்று, கூரையில் பட்டு ஒன்று, பீரோவில் பட்டு ஒன்று என்று பல பிரதிகள் சற்று முன்பின்னாக வந்து சேரும். ஒன்றின் முகடும் இன்னொன்றின் பள்ளமும் சேர்ந்த இடத்தில் இரண்டும் அழிந்துபோகும். அத்தகைய செத்த புள்ளிகள் ஏறத்தாழ அரை அலைநீளத்துக்கு ஒன்றாக, அதாவது 2.4இல் ஆறு சென்டிமீட்டர் இடைவெளியில் கூட அமையலாம். மேசைமேல் கைபேசியை ஒரு விரல்கடை நகர்த்தினால் சிக்னல் மாறுவது இதனால்தான். ரூட்டரை ஒரு சாண் நகர்த்திப் பார்ப்பது மூடநம்பிக்கை ஆகாது. இயற்பியல் தெரிந்தவர் செய்யும் முதல் வேலையே அதுதான்.

ஒரு காலத்தில் இந்த எதிரொலிதான் வீட்டுக்குள் வேகமான வானொலித் தொடர்புக்குப் பெரிய முட்டுக்கட்டை. வேகமாக அனுப்பும்போது ஒரு துடிப்பின் எதிரொலி அடுத்த துடிப்பின்மேல் ஏறிவிடும். ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வகத்தில் ஜான் ஓ'சல்லிவனும் அவர் குழுவினரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஓ'சல்லிவன் வானொலி வானியலாளர். வெடிக்கும் குட்டிக் கருந்துளைகளிலிருந்து வரக்கூடிய துடிப்புகளை 1970களில் தேடியவர். அவை கிடைக்கவில்லை. சிதைந்த சிக்னலைச் சீர்செய்ய அப்போது பழகிய, அலையை அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியே கணிதம் பிறகு கைகொடுத்தது. தகவலை ஒரே வேகமான ஓடையாக அனுப்பாமல் பல மெதுவான ஓடைகளாகப் பிரித்து, அருகருகே உள்ள அதிர்வெண்களில் ஒரே சமயத்தில் அனுப்புவது என்பது அவர்கள் எடுத்த வழியின் சாரம். 1992இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1999இல் வந்த 802.11ஏ என்ற வைஃபை தரத்தில் 52 துணை அலைகள், ஒவ்வொரு குறியீட்டுக்கும் நான்கு மைக்ரோவினாடி, அதில் 0.8 மைக்ரோவினாடி எதிரொலி அடங்குவதற்கான இடைவெளி. அந்த இடைவெளிக்குள் அலை 240 மீட்டர் ஓடிவிடும். எவ்வளவு பெரிய வீடானாலும் எதிரொலி அதற்குள் அடங்கிவிடும்.

அடுத்த பாய்ச்சலில் நம் ஊர்க்காரர் ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1944இல் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், இந்தியக் கடற்படையில் அதிகாரியாக இருந்தவர். கடற்படைக்காக அப்சோ என்ற சோனார் கருவியை உருவாக்கிய பணிக்குத் தலைமை தாங்கினார். தண்ணீருக்கடியில் எதிரொலிகளைப் பிரித்தறிவதுதான் சோனாரின் வேலை. பிறகு ஸ்டான்ஃபோர்டுக்குச் சென்றவர், 1992இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஒரே அதிர்வெண்ணில், ஒரே நேரத்தில், இரண்டு ஆன்டெனாக்களிலிருந்து இரண்டு வேறு தகவல்களை அனுப்பினால் என்ன? பெறும் பக்கத்தில் இரண்டும் கலந்துதான் வரும். ஆனால் அங்கேயும் இரண்டு ஆன்டெனா இருந்தால், எதிரொலிப் பாதைகள் வெவ்வேறாக இருப்பதால், கலவையின் விகிதம் ஒவ்வொன்றிலும் ஒரு விதமாக இருக்கும். இரண்டு சமன்பாடு, இரண்டு மாறி. பள்ளிக்கூடக் கணக்கைப்போல் தீர்த்துவிடலாம். எதிரொலியே இல்லாத திறந்த வெளியில் இரண்டு சமன்பாடும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும், தீர்வு கிடைக்காது. தொல்லை என்று விரட்டிய எதிரொலி இங்கே மூலதனமாகிறது. ஸ்டான்ஃபோர்டுப் பேராசிரியர் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து அவர் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை 1994இல் வந்தது. 2009இன் 802.11என் தரம் முதல் இன்றைய ரூட்டர் வரை, வைஃபையின் வேகத்தில் பெரும் பங்கு இந்த மைமோ உத்தியுடையது. 2014இல் அவருக்கு மார்கோனி பரிசு கிடைத்தது. ரூட்டரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட குச்சிகளைப் பார்க்கும்போது இந்தப் பெயர் தமிழ்ப் பிள்ளைகளின் நினைவுக்கு வர வேண்டும். பாடநூல்களில் அவருக்கு இன்னும் நல்ல இடம் கொடுக்கலாம்.

ஒரே மைக்

சிக்னல் முழுக்க இருக்கிறது, ஆனாலும் மந்தம். இந்தப் புகார்தான் அதிகம். இங்கே குறைவது ஆற்றல் இல்லை, நேரம்.

ஒரு கிராம சபைக் கூட்டம் நடக்கிறது. இருப்பது ஒரே மைக். யாருக்கு அடுத்து என்று சொல்லத் தலைவர் இல்லை. ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர்கள் சிறிது பொறுத்து, வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு பேச வேண்டும். ஒரு வைஃபை சேனல் நடப்பது இப்படித்தான். அதில் ஒரு நேரத்தில் ஒரே குரலுக்குத்தான் இடம். ரூட்டர், கைபேசி, டிவி, பக்கத்து வீட்டு ரூட்டர், மேல்வீட்டு மடிக்கணினி எல்லாமே அதே மைக்குக்குக் காத்திருக்கின்றன.

இந்த ஒழுங்கின் மூதாதை 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் குழு இயக்கிய அலோஹாநெட். தீவுகளில் இருந்த முனையங்கள் ஒரே அதிர்வெண்ணில், தோன்றியபோது பேசின. மோதிக்கொண்டால், தற்செயலான நேரம் காத்திருந்து மறுபடி பேசின. எளிமையான வழி, ஆனால் நெரிசல் கூடினால் சேனலின் 18 சதவீதத்துக்கு மேல் பயன் கிடைக்காது. பேசுமுன் கேட்பது என்ற பழக்கம் பிறகு வந்து சேர்ந்தது. வைஃபையில் ஒவ்வொரு கருவியும் காற்று அமைதியானதும் 0 முதல் 15க்குள் ஓர் எண்ணைத் தற்செயலாக எடுத்து, ஒவ்வோர் எண்ணுக்கும் 9 மைக்ரோவினாடி வீதம் பொறுக்கிறது. மோதல் நேர்ந்தால் அந்த வரம்பு 31, 63 என்று இரட்டித்துக்கொண்டே போய் 1023 வரை ஏறும். அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் 'வந்தது' என்று பதில் வர வேண்டும். வரவில்லையென்றால் மறுபடி அனுப்ப வேண்டும், அதுவும் இன்னும் மெதுவாக.

அந்த மெதுவில்தான் வீட்டு வைஃபையின் நேரமெல்லாம் போகிறது. 1500 பைட் கொண்ட ஒரு பொட்டலத்தை 300 மெகாபிட் வேகத்தில் அனுப்ப 40 மைக்ரோவினாடி போதும். தூரத்து அறையில் தொங்கிக்கொண்டிருக்கும் பழைய கருவி 6 மெகாபிட்டில் அதே பொட்டலத்தை அனுப்ப 2000 மைக்ரோவினாடி எடுக்கும். ஐம்பது மடங்கு. மைக்கை அது பிடித்திருக்கும் அத்தனை நேரமும் உங்கள் புதுக் கைபேசி வாயை மூடிக்கொண்டு நிற்கும். வாசல் கேட்டில் மாட்டிய கேமரா ஒன்று பலவீனமான சிக்னலில் இரவும் பகலும் படம் அனுப்பிக்கொண்டிருந்தால், கூடத்தில் இருப்பவரும் அதன் விலையைக் கொடுக்கிறார்.

அடுக்ககத்தில் நிலைமை இன்னும் சிக்கல். ஒவ்வொரு ரூட்டரும் தன் பெயரை வினாடிக்கு ஏறத்தாழ பத்து முறை அறிவிக்கிறது, யார் காதிலும் விழட்டும் என்று மிகக் குறைந்த வேகத்தில். 250 பைட் அறிவிப்பு ஒன்றை 1 மெகாபிட்டில் சொல்ல 2 மில்லிவினாடி. பத்து முறைக்கு 20 மில்லிவினாடி. ஒரு ரூட்டரின் அறிவிப்பே வினாடியில் 2 சதவீதம். ஒரே சேனலில் இருபது ரூட்டர்கள் இருந்தால், யாரும் எதையும் பார்க்காதபோதே 40 சதவீத நேரம் போய்விட்டது! விருந்தினருக்கு ஒரு பெயர், கேமராவுக்கு ஒரு பெயர் என்று ஒரே பெட்டியில் நான்கு பெயர் வைத்துக்கொள்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

2.4இல் 13 சேனல்கள் இருப்பதாகப் பட்டியல் காட்டும். அடுத்தடுத்த சேனல்களுக்கு இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான், ஒரு சேனலுக்குத் தேவையோ 20. ஆகவே ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை 1, 6, 11 என்று மூன்றே. 'மூன்றிலும் கூட்டமாக இருக்கிறது, நான் 3க்குப் போகிறேன்' என்று நினைப்பது தவறு. 1இல் பேசுபவரும் 6இல் பேசுபவரும் உங்களுக்கு வெறும் இரைச்சலாகக் கேட்பார்கள். உங்கள் பேச்சும் அவர்களுக்கு அப்படியே. முறை வைத்துப் பேசும் ஒழுங்கு அங்கே உடைந்துவிடும். மூன்றில் கூட்டம் குறைந்த ஒன்றில் சேருங்கள். 2.4இன் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே வையுங்கள். 40 என்பது விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும், அடுக்ககத்தில் அக்கம்பக்கத்தாரையும் கெடுத்து உங்களையும் கெடுக்கும்.

சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.45 கிகாஹெர்ட்ஸ்காரர்தான். உள்ளே எண்ணூறு வாட் சுழல்கிறது. கதவிடுக்கில் கசிவது உடலுக்குத் தீங்கு செய்யாத அளவுக்கு மிகச் சொற்பம், ஆனால் நூறு கோடியில் ஒரு பங்கைக் கேட்டுக்கொண்டிருக்கும் காதுக்கு அதுவே கூச்சல். சாதாரண அடுப்பின் மேக்னட்ரான் வீட்டு மின்சாரத்தின் ஒரு அரைச்சுற்றில் மட்டும் வேலை செய்யும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே 10 மில்லிவினாடி கூச்சல், 10 மில்லிவினாடி அமைதி. அந்த அமைதிக்குள் வைஃபை முண்டியடித்து ஓடுகிறது. சோறு சூடாகும் இரண்டு நிமிடம் வீடியோ திக்கினால் ரூட்டரைத் திட்ட வேண்டியதில்லை, 5க்கு மாறினால் போதும்.

5இல் ஒரு சின்னப் புதிர் உண்டு. ரூட்டரை அணைத்துப் போட்டதும் 2.4 பெயர் உடனே தெரியும், 5இன் பெயர் ஒரு நிமிடம் கழித்தே தெரியும். அந்தப் பட்டையின் சில சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. அங்கே பேசும் முன் 60 வினாடி காது கொடுத்துக் கேட்க வேண்டும், ரேடார் காதில் விழுந்தால் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. பழுது என்று நினைத்து அந்த ஒரு நிமிடத்துக்குள் மறுபடி அணைத்துவிடுபவர்கள் ஏராளம்.

இரண்டாவது பெட்டி

ரூட்டரின் குரல் உரத்தது, கைபேசியின் குரல் மெல்லியது. தூரத்து அறையில் கைபேசி நாலு கோடு காட்டுவது, ரூட்டர் பேசுவது அதற்குக் கேட்கிறது என்பதால். கைபேசி பேசுவது ரூட்டருக்குக் கேட்கிறதா என்பதை எந்தக் கோடும் சொல்வதில்லை. 'அதிக சக்தி வாய்ந்த' ரூட்டர் வாங்கிப் பயனில்லாமல் போவது இதனால்தான். பெரிய வீட்டுக்குத் தேவை, இன்னொரு காது. அதாவது இரண்டாவது அணுக்கப் புள்ளி (ஆக்சஸ் பாயின்ட்).

சிக்னலை வாங்கித் திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டர் விலை மலிவு. ஆனால் அதே சேனலில் ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொல்வதால் வேகம் பாதியாகும். சிக்னல் செத்துப்போன அறையிலேயே அதைக் கொண்டுபோய் மாட்டுவது இன்னும் பெரிய தவறு. கேட்காததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? ரிப்பீட்டர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், −60, −65 கிடைக்கும் பாதி வழியில் மாட்டுங்கள். மெஷ் என்று இரண்டு மூன்று பெட்டிகளாக விற்பதும், நடுவே கேபிள் இல்லாவிட்டால், இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். பெட்டிகளுக்கிடையே தனிப் பட்டை உள்ள வகையில் இழப்பு குறையும்.

மிகச் சிறந்த வழி பழைய வழி: ஒரு லேன் கேபிள், அதன் முனையில் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரூட்டர். இதை அமைக்கும்போது பலர் தடுக்கி விழும் இடம் ஒன்றே. கேபிளை இரண்டாவது ரூட்டரின் வெளி இணைப்புக்கான வேன் போர்ட்டில் செருகினால், அது வீட்டுக்குள் இன்னொரு தனி வீடு கட்டிக்கொண்டு, வேறு முகவரிகள் கொடுக்கத் தொடங்கும். கூடத்துப் பிரின்டர் மாடிக் கணினிக்குத் தெரியாமல் போகும். செய்ய வேண்டியது இது. முதலில் பழைய ரூட்டரைக் கணினியோடு தனியாக இணைத்து, அதன் முகவரியை 192.168.1.1இலிருந்து 192.168.1.2 என்பதுபோல் மாற்றுங்கள் (முதல் பெட்டியின் முகவரி வேறாக இருந்தால் அதன் வரிசையில் ஒன்று). முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவையை அதில் நிறுத்துங்கள். பிறகு கேபிளை லேன் போர்ட்டில் செருகுங்கள். 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' என்ற தேர்வு இருந்தால் இதெல்லாம் ஒரே சொடுக்கில் முடியும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும், சேனல் மட்டும் வேறாக.

அப்புறமும் ஒரு குறை வரும். மாடிக்குப் போன பிறகும் கைபேசி கீழ்ப் பெட்டியையே பிடித்துக்கொண்டிருக்கும். எந்தப் பெட்டியோடு சேர்வது என்று முடிவு செய்வது கைபேசிதான். ரூட்டர் யோசனை சொல்லலாம், கட்டளையிட முடியாது. இரண்டு பெட்டிகளின் அனுப்பும் ஆற்றலையும் சற்றுக் குறைத்தால், கைபேசி தானாக மாறும். ஆற்றலைக் குறைத்து வைஃபையைச் சீராக்கலாம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. செய்து பார்த்தால் நம்புவார்கள்.

எங்கே கோளாறு?

நின்றுபோன இணைப்பைப் பிரித்துப் பிரித்துத் தேட வேண்டும். முதலில் விளக்குகள். எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஒளியே வரவில்லை. வெளியே கேபிள் அறுந்திருக்கலாம், அல்லது பெட்டிக்குப் பின்னால் சுருட்டித் திணித்த இடத்தில் கூர்மையாக மடிந்து ஒளி கசிந்திருக்கலாம். மடிப்பை நீக்கிப் பாருங்கள். கழற்றிய இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். உள்ளே வரும் 1490 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. மடிப்பை நீக்கியும் சிவப்பு அணையாவிட்டால் அது நிறுவனத்தின் வேலை.

சிவப்பு இல்லையென்றால், மடிக்கணினியைக் கேபிளில் இணைத்து வேகத்தைப் பாருங்கள். வைஃபையில் மட்டும் சோதித்துவிட்டுப் புகார் செய்வதில் பயனில்லை. கேபிளில் முழு வேகம் வந்தால் குற்றம் காற்றில். வராவிட்டால் எண்ணைக் கவனியுங்கள். 300 மெகாபிட் திட்டத்தில் 93, 94 என்று அசையாமல் நின்றால், கேபிளின் பிளக்கைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்குக்குள் ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று நான்கு இணைகளாக எட்டுக் கம்பிகள். 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சும் பச்சையுமான நான்கு கம்பிகள் போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி பிளக்கின் கடைசி வரை எட்டாமல் நின்றிருந்தால், கருவிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும். இணைப்பு அறுவதில்லை, ஆதலால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பிளக்கை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்தால் தீர்ந்தது. கம்பிகள் எட்டும் சரியாக இருந்தால், ரூட்டரின் போர்ட்டே 100 மெகாபிட்டுக்கானதா என்று பாருங்கள்.

கணினிக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால், ரூட்டர் அதற்கு முகவரி தரவில்லை, கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது. 8.8.8.8 போன்ற வெளி முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) போகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்ஸில் கோளாறு. ரூட்டரின் முகவரிக்கே வைஃபையில் பிங் அனுப்பிப் பார்ப்பது எனக்குப் பிடித்த சோதனை. சில மில்லிவினாடிக்குள் வந்தால் காற்று நலம். 5, 200, 8, 350 என்று தாறுமாறாக ஆடினால் காற்றில்தான் நெரிசல், நிறுவனத்தின்மேல் பழியில்லை.

காற்று நலம், வேகமும் நலம், ஆனாலும் யாராவது புகைப்படங்களை மேலேற்றும்போது மட்டும் வீடியோ அழைப்பு உறைகிறதா? ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 2010இல் தம் வீட்டு இணைப்பிலேயே இதைத் துருவிக் கண்டுபிடித்தார். ரூட்டர்களிலும் மோடம்களிலும் நினைவகம் மலிவானதால், காத்திருக்கும் பொட்டலங்களுக்கு அளவுக்கு மீறி இடம் ஒதுக்கிவிட்டார்கள். அவசரமான குரல் பொட்டலம், ஆயிரம் புகைப்படப் பொட்டலங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. பஃபர்ப்ளோட் என்று அதற்குப் பெயர். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்ட கோடெல் என்ற முறை வரிசையைக் குட்டையாக வைத்திருக்கும். உங்கள் ரூட்டரில் எஸ்க்யூஎம் என்ற தேர்வு இருந்தால் இயக்கி, வேக வரம்பைக் கிடைக்கும் வேகத்தில் 90 சதவீதமாக வையுங்கள். பத்து சதவீத வேகத்தைக் கொடுத்து, திக்காத பேச்சை வாங்குவது லாபமான பேரம்.

அடிக்கடி தானாக அணைந்து எரியும் பெட்டிக்கு, முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். மின்னழுத்த ஏற்றத்தாழ்வில் முதலில் சாவது அதுதான். மாற்றும்போது வோல்ட் அதே அளவாகவும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவும் இருக்க வேண்டும்.

பாதுகாப்புக்கு மூன்று வேலைகளைச் செய்தே தீர வேண்டும். நிர்வாகப் பக்கத்தின் ஆரம்பப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல், மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளை வைத்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றியது. பாஸ்வேர்டு இல்லாமல் இணைக்க உதவும் டபிள்யூபிஎஸ் பின் வசதியை நிறுத்துங்கள். எட்டு இலக்கம் என்று பெயர், ஆனால் இரு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் திறந்துவிடும் என்பது 2011இலேயே வெளிவந்துவிட்டது. குறியாக்க வகையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 தவிர வேறு எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கம்பி கம்பிதான். டிவி, மேசைக்கணினி, கேமரா என்று இடம்விட்டு நகராத கருவிகளைக் கேபிளுக்கு மாற்றினால், நகரும் கருவிகளுக்குக் காற்று மிச்சமாகும். புதுவீடு கட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எலக்ட்ரீஷியன் காடி வெட்டிப் பைப் பதிக்கும்போதே, கூடத்தின் நடுக்கூரைக்கும் ஒவ்வொரு படுக்கையறைக்கும் மாடிக்கும் லேன் கேபிளுக்கென்று ஒரு பைப் தனியாகப் போடச் சொல்லுங்கள். மின்கம்பி போகும் பைப்பிலேயே அதைச் சேர்த்து இழுக்க விடாதீர்கள். பூச்சு வேலை முடிந்தபின் அதே பைப்பைப் போடச் சுவரை உடைக்க வேண்டியிருக்கும்.